சின்னத் துப்பாக்கி, பெரிய அமானத்

அளவில் சிறியது, விலையில் மலிவானது, சட்டமும் தடுக்கவில்லை. இந்த மூன்றும் ஒரு பொருளில் ஒன்று கூடிவிட்டால் அதைப் பற்றி மார்க்கத்திடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மரக்காணம் உப்பளக் கரையோரத்துப் பள்ளிவாசல் ஒன்றில் நாமும் ஒரு நாள் அப்படி எண்ணித்தான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னோம். அந்தப் பதில் போதாது என்பது சிறிது நேரத்திலேயே நமக்கு விளங்கியது. அந்தச் சங்கதியை வாசக அன்பர்களின் முன் வைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

அஸர் தொழுகை முடிந்திருந்தது. உப்பளத்தில் பங்கு வைத்திருக்கும் ஒரு பெரியவர், கல்லூரியில் படிக்கும் தம் மகனோடு நம்மிடம் வந்து அமர்ந்தார்.

“அஜரத், பையன் துப்பாக்கி வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நிஜத் துப்பாக்கி இல்லையாம், காத்துத் துப்பாக்கியாம். லைசென்சே வேண்டாமாம். மார்க்கத்துல கூடுமா, கூடாதா? ஒரு வார்த்தையில சொல்லிடுங்க” என்றார்.

பையன் தன் செல்போனை நம்மிடம் காட்டினான். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில், ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு நின்று சுட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றாரே துருக்கி நாட்டு யூசுஃப் திகேச், அவருடைய படம். அதே ஒலிம்பிக்கில் நம் நாட்டு மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் பெற்றதையும், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இன்னொரு வெண்கலம் பெற்றதையும் சொன்னான். பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர் என்பதையும் சேர்த்துக் கொண்டான்.

“கூடும் பாய்” என்றோம் நாம். அம்பெய்தலின் சிறப்பைப் பற்றி வந்துள்ள ஹதீதுகள் இரண்டையும் எடுத்துச் சொன்னோம். பையனின் முகம் மலர்ந்தது. ஆனால் பெரியவர் எழுந்திருக்கவில்லை.

“சரி. அந்தக் குருவி சங்கதியையும் அஜரத்துக்கிட்ட நீயே சொல்லு” என்றார் மகனிடம்.

பையன் தலையைக் குனிந்து கொண்டான். இரண்டு வாரங்களுக்கு முன் கூட்டாளி ஒருவனுடைய காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உப்பள வரப்புக்குப் போயிருக்கிறார்கள். முதலில் ஒரு தகர டப்பாவைச் சுட்டார்கள். டப்பா சலித்துவிட்டது. பாத்தியோரத்தில் ஓர் உள்ளான் நின்றது. இவன் சுட்டான், அது விழுந்தது. அடுத்த பாத்தியில் உப்பு வாரிக் கொண்டிருந்த ஓர் அம்மா வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்து, “இத எதுக்குத் தம்பி சுட்ட?” என்று கேட்டிருக்கிறார்.

“என்னால பதில் சொல்ல முடியல அஜரத்” என்றான் பையன். பிறகு, “அறுக்காம செத்துப் போச்சு. அதனால வீட்டுக்குக் கொண்டு போகாம புதர்ல போட்டுட்டோம்” என்றான்.

“இதை என்கிட்ட அவனாத்தான் சொன்னான். மறைக்கல. அதனாலதான் கூட்டிட்டு வந்தேன்” என்றார் தந்தை.

நாம் சொன்ன ‘கூடும்’ என்ற சொல் நமக்கே சிறிதாகத் தோன்றியது. பொருளின் சட்டத்தைச் சொன்னோமே தவிர, அதைப் பிடிக்கப் போகும் கையைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை.

சட்டம் கேட்காத கேள்வி

முதலில் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், அதன் கீழ் 2016-ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறையில் உள்ளன. வெடிமருந்தால் சுடும் துப்பாக்கி எதுவாயினும், .22 என்னும் மிகச் சிறிய ரகமாயினும், உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றம். காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாவிட்டால் உரிமம் தேவையில்லை. சில ஆயிரம் ரூபாய் இருந்தால், அடையாளச் சான்றைக் காட்டி வாங்கி வந்துவிடலாம்.

உரிமம் கேட்கும் துப்பாக்கியாயிருந்தால் அதிகாரி என்ன விசாரிப்பார்? நீ யார், எதற்காக வேண்டும், எங்கே பத்திரமாக வைப்பாய் என்று விசாரிப்பார். சின்னத் துப்பாக்கிக்கு இவற்றை யாரும் நெருக்கிக் கேட்பதில்லை. அதனால் அந்தக் கேள்விகள் இல்லாமல் போய்விட்டனவா? இல்லை. அதிகாரியின் மேசையிலிருந்து அவை இறங்கி, வாங்குகிறவனின் நெஞ்சுக்கும் அவனைப் பெற்றவர்களின் பொறுப்புக்கும் வந்துவிட்டன. அரசாங்கம் பார்க்காத இடத்தில் அல்லாஹு தஆலா பார்க்கிறான் என்பது நம் ஈமான். ஆகவே உரிமம் வேண்டாத ஆயுதம் முஃமினுக்குப் பாரம் குறைந்த ஆயுதம் அல்ல. பாரம் கூடிய ஆயுதம்.

அந்த உப்பள அம்மா கேட்டதும் அதிகாரி கேட்க வேண்டிய அதே கேள்விதான்: எதற்கு?

மார்க்கம் விரும்பிய வித்தை

குறி பார்த்து எய்யும் வித்தையை நம் மார்க்கம் வெறுக்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது. பலம் என்பதற்கு விளக்கம் கூறும்போது எய்தலையே பலம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் மும்முறை கூறியதாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. அஸ்லம் குலத்தார் அம்பெய்து பழகிக் கொண்டிருந்தபோது, உங்கள் மூதாதை இஸ்மாயீல் (அலை) அவர்களும் அம்பெய்பவராயிருந்தார் என்று கூறி அவர்களை ஊக்கியதாக ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம்.

இந்த வித்தையில் நல்ல பயிற்சியும் இருக்கிறது. ஏர் பிஸ்டல் போட்டியில் பத்து மீட்டர் தூரத்திலுள்ள அட்டையின் நடு வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதை நோக்கி ஒரே கையால், ஒன்றே கால் மணி நேரத்துக்குள், அறுபது முறை சுட வேண்டும். மூச்சு சீராக வேண்டும். கோபம் இருந்தால் கை ஆடும். அவசரம் இருந்தால் குறி தவறும். இப்படி நஃப்ஸை அடக்கப் பழக்கும் விளையாட்டை வீண் என்று தள்ள நாம் துணியமாட்டோம்.

ஆனால் எய்யச் சொன்ன அதே நபியவர்கள்தாம், எய்யும் கைக்கு வரம்பும் வைத்தார்கள். பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்போடு நடப்பவர் அதன் முனையைப் பிடித்துக் கொள்ள வேண்டும் என்றார்கள். உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுப்பதைத் தடுத்தார்கள். ஆயுதத்தைச் சகோதரன் பக்கம் நீட்டவே கூடாது, ஷைத்தான் கையை இழுத்துவிடக் கூடும் என்று எச்சரித்தார்கள். விளையாட்டுக்கு நீட்டினோம் என்ற சாக்குக்கு அங்கே இடமில்லை.

இன்றைய சுடுதளங்களில் கற்றுத்தரும் முதல் பாடத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துப்பாக்கியில் எப்போதும் குண்டு இருப்பதாகவே நினை. குழலின் வாயை மனிதர் பக்கம் திருப்பாதே. சுடும் நேரம் வரை விசையில் விரல் வைக்காதே. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். அம்புக்குச் சொன்ன ஒழுக்கத்தைத்தான் இவர்கள் துப்பாக்கிக்குச் சொல்கிறார்கள்.

கூழாங்கல்லின் பாடம்

நம் விஷயத்துக்கு மிக நெருங்கிய ஹதீது ஒன்று உண்டு. விரல்களுக்கிடையே சிறு கல்லை வைத்துச் சுண்டி எறிவதை அரபியில் ‘கத்ஃப்’ என்பார்கள். சிறுவர் விளையாட்டு, காசு செலவில்லை. அதை நபியவர்கள் தடுத்ததாக அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. அது வேட்டைக்கும் உதவாது, பகைவனையும் வீழ்த்தாது. பல்லை உடைக்கும், கண்ணைப் போக்கும். இதைக் கேட்ட பின்னும் ஒருவர் கல் சுண்டுவதைக் கண்டு, இனி உம்மோடு பேசமாட்டேன் என்று அந்த ஸஹாபி சொல்லிவிட்டார்கள்.

மலிவான காற்றுத் துப்பாக்கியை வீட்டுக்குக் காவல் என்று வாங்குகிறவர்கள் இந்தக் காரணத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு திருடனை நிறுத்தாது. நிஜத் துப்பாக்கி என்று அவன் நம்பினால் அவன் கையிலுள்ளதைக் கொண்டு முந்திக் கொள்வான். ஆனால் அதே குண்டு விநாடிக்கு நூறு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு பிள்ளையின் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். காவலுக்கு உதவாது, கண்ணைப் போக்கும். கூழாங்கல்லுக்குச் சொன்னது அப்படியே இதற்குப் பொருந்துகிறது.

உப்பளத்தில் இது இன்னும் கனமான விஷயம். மாசி, பங்குனி வெயிலில் வெள்ளைப் பாத்திகளின் கூசலைப் பார்த்துப் பார்த்தே அங்கு வேலை செய்வோரின் கண்கள் பழுதாகின்றன. உப்பு வாரும் அந்த அம்மாவுக்குக் கண்தான் மூலதனம். அவர் நிற்கும் பக்கம், வரப்பை மட்டும் மறைப்பாக நம்பி, நம் பிள்ளைகள் சுட்டிருக்கிறார்கள். பட்டது பறவை மீது. அந்த அம்மாவின் மீது படாதது அல்லாஹ்வின் கிருபை. பிள்ளைகளின் திறமை அல்ல.

எதற்குச் சுட்டாய்?

உயிருள்ள எதையும் இலக்காக வைத்து எய்வதை நபியவர்கள் தடுத்தார்கள். ஒரு பறவையைக் கட்டி வைத்து அதன் மீது எய்து விளையாடிய வாலிபர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், அப்படிச் செய்வோரை நபியவர்கள் சபித்திருப்பதை எடுத்துச் சொன்னார்கள். வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி, என்னை எந்தப் பயனுமின்றிக் கொன்றான் என்று மறுமையில் அல்லாஹ்விடம் முறையிடும் என்ற கருத்தில் நஸாயீயில் ஒரு ஹதீது வந்துள்ளது. அந்தக் குருவி மறுமையில் கேட்கும் கேள்வியை, உப்பு வாரும் ஓர் ஏழைப் பெண் இந்தப் பையனிடம் இம்மையிலேயே கேட்டுவிட்டார். அது அவனுக்குக் கிடைத்த ரஹ்மத் என்றே நாம் சொல்வோம்.

“சாப்பிடத்தானே சுட்டோம்” என்று சிலர் சொல்லக்கூடும். கூர்முனை கிழிக்காமல், அடியின் வேகத்தால் செத்த பிராணியைக் குர்ஆன் விலக்கியிருக்கிறது. களிமண் உருண்டையால் அடிபட்டுச் செத்த பறவையை இப்னு உமர் (ரலி) அவர்கள் இந்த வகையில் சேர்த்தார்கள். குண்டடிபட்டது உயிரோடு கிடைத்து அறுத்தாலன்றி உண்ணலாகாது என்பதே ஹனஃபீ, ஷாஃபிஈ உலமாக்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. ஆகவே உணவு என்ற நியாயமும் இங்கே நிற்கவில்லை.

மேலும், மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஏரி சாதாரண நீர்நிலை அல்ல. வெகு தூர நாடுகளிலிருந்து பறவைகள் குளிர்காலத்தில் வந்து இறங்கும் இடம். ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்தப் பரப்பை 2021 டிசம்பரில் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஏரியில் இரை தேடும் பறவை உப்பளத்தில் வந்து நிற்கும். அதற்கு எல்லைக் கல் தெரியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேட்டையைத் தடுக்கிறது. நம்மிடம் அடைக்கலம் தேடி வந்ததைக் கொல்வதைச் சட்டமும் ஏற்கவில்லை, ஷரீஅத்தும் ஏற்கவில்லை.

கத்தியும் மோட்டார் சைக்கிளும்

பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். “வீட்டுல அருவாமனை இருக்கு, கத்தி இருக்கு. மோட்டார் சைக்கிளால சாகறவங்கதான் அதிகம். அதையெல்லாம் விட்டுட்டு இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கேள்வி அஜரத்?”

நியாயமான கேள்விதான். நாம் சற்று யோசித்தே பதில் சொன்னோம். கத்திக்கு அடுக்களையில் அன்றாடம் வேலை இருக்கிறது. அந்த வேலையே, நீ எதற்காக இருக்கிறாய் என்பதைக் கத்திக்கும் அதைப் பிடிப்பவருக்கும் நாள்தோறும் நினைவூட்டுகிறது. மோட்டார் சைக்கிளுக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் இருக்கிறது. குறி சுடும் துப்பாக்கிக்கோ வீட்டில் வேலை இல்லை. அதன் வேலையெல்லாம் சுடுதளத்தில்தான். அங்கே இலக்கு காத்திருக்கிறது, தடுப்பு இருக்கிறது, கண்டிக்க ஒருவர் இருக்கிறார். அந்த இடத்தை விட்டு வெளியே வந்ததும் அது வேலையற்ற பொருளாகிவிடுகிறது. வேலையற்ற ஆயுதம் பிடித்தவனை இலக்குத் தேட வைக்கும். முதலில் டப்பா, டப்பா சலித்தால் குருவி. இந்தப் பையன் கொடியவன் அல்ல. அவன் கையிலிருந்த பொருளுக்கு அந்த வரப்பில் நியாயமான வேலை ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

மலிவும் இதில் சேர்கிறது. போட்டிக்குரிய நல்ல பிஸ்டல் லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். அதை வாங்கியவர் பெட்டியில் வைத்துப் பூட்டுவார், யாரிடமும் கொடுக்கமாட்டார். சில ஆயிரத்துக்கு வாங்கியது கிரிக்கெட் மட்டையோடு மூலையில் கிடக்கும். கூட்டாளி கேட்டால் கைமாறும். எளிதாக வந்த பொருளை நாம் எளிதாகவே நினைக்கிறோம். விலை குறைந்ததற்காகக் கண்ணின் விலை குறைந்துவிடுமா?

ஊர் என்ன பேசும்?

பெரியவர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். “முஸ்லிம் வீட்டுல துப்பாக்கின்னு நாலு பேர் நாலு விதமா பேசமாட்டாங்களா அஜரத்?”

இந்தப் பயத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. இஃதிகாஃபில் இருந்த நபியவர்கள், இரவில் தம்மைக் காண வந்த அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களோடு நடந்தபோது, எதிரே வந்த அன்சாரிகள் இருவரை நிறுத்தி, இவர் என் மனைவி என்று தாமாகவே விளக்கினார்கள். சந்தேகத்துக்கு இடம் தராதிருப்பது சுன்னத். ஆகவே மறைத்து வைக்காதீர்கள். வாங்கினால் ரசீது வீட்டில் இருக்கட்டும். அக்கம்பக்கத்தார் எந்த மதத்தவராயினும் அவர்களுக்குத் தெரியட்டும். பையன் எங்கே பயிற்சிக்குப் போகிறான் என்பதும் தெரியட்டும். ஒளித்து வைக்க வேண்டிய நிலை வந்தால், அந்தப் பொருள் நம் வீட்டுக்கு வேண்டாம் என்று பொருள்.

நாம் சொன்ன பதில்

இத்தனைக்கும் பிறகு நம் பதிலைத் திருத்திச் சொன்னோம். துப்பாக்கி ஹராம் அல்ல. ஆனால் அதற்குரிய இடம் தயாராகாமல் பொருளை மட்டும் வாங்குவது சரியல்ல. முதலில் ஒரு சுடுதளத்தில் சேர்ந்து, அங்கே தரும் துப்பாக்கியில் ஆறு மாதம் பழகட்டும். ஆசை விளையாட்டின் மீதா, ஆயுதத்தின் மீதா என்பது அதற்குள் அவனுக்கே தெரிந்துவிடும்.

அதன் பிறகு வாங்கினாலும் ஐந்து காரியங்களைக் கைவிடலாகாது. சுடுதளத்துக்கு வெளியே, வரப்பிலோ மொட்டை மாடியிலோ தோப்பிலோ சுடக்கூடாது. காக்கையானாலும் அணிலானாலும் உயிரின் மீது குறி வைக்கக்கூடாது. வெற்றுத் துப்பாக்கி என்றாலும், வேடிக்கைக்கென்றாலும், மனிதர் பக்கம் நீட்டக்கூடாது. துப்பாக்கி ஒரு பூட்டிலும் குண்டு வேறொரு பூட்டிலும் இருக்க, சாவி தந்தையிடம் இருக்க வேண்டும். குண்டு ஈயமாதலால், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உணவில் வைக்கக்கூடாது. சிறு பிள்ளைகள் கையில் அது படவே கூடாது.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த உள்ளானுக்கு நான் என்ன செய்யணும் அஜரத்?” என்றான்.

அதற்கு நஷ்ட ஈடு கொடுக்க ஆளில்லை. செய்ததற்கு வருந்தி, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொண்டு அல்லாஹ்விடம் தவ்பாச் செய் என்றோம். ஆனால் மனிதருடைய ஹக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. அந்த அம்மா வேலை செய்யும் பக்கம் உன் துப்பாக்கி நீண்டது. அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேள் என்றோம்.

மறுநாள் போயிருக்கிறான். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லையாம். தலையை மட்டும் அசைத்துவிட்டு உப்பு வாரத் திரும்பிவிட்டாராம். பையன் இப்போது ஞாயிறுதோறும் பஸ் ஏறி நகரத்துச் சுடுதளத்துக்குப் போய் வருகிறான். சொந்தத் துப்பாக்கியைப் பற்றி இதுவரை பேச்செடுக்கவில்லை என்று தந்தை சொன்னார். பேச்செடுத்தாலும் இனி நமக்கு அச்சமில்லை. எதற்கு என்று கேட்டால் அவனிடம் பதில் இருக்கும்.

நம் கைகளில் வரும் பெரியதும் சிறியதுமான ஒவ்வொரு பொருளையும் அமானத்தாகக் கருதி நடக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.